ஈரக்குமிழ்

பாம்பன் வானிலை நிலையத்தில்
வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள்
இரண்டு வெப்பமானிகள்.
ஒன்று வெறுமனே நிற்கும்.
மற்றதன் குமிழில் மல்துணி சுற்றி
திரியின் வால் கிண்ணத் தண்ணீரில் கிடக்கும்.
துணியிலிருந்து காற்று எவ்வளவு குடிக்கிறதோ
அவ்வளவு இறங்கும் பாதரசம்.
இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால்
காற்றுக்குத் தாகமில்லை.
நூறு சதவீதம் என்று எழுத வேண்டும்.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களும்
விரலுக்கு விரல் துணி சுற்றுவார்கள்
பாறை கிழிக்காமலிருக்க.
பஞ்சவர்ணத்தினுடையவை
பழைய நைட்டியைக் கிழித்த நாடாக்கள்,
ஊதாப் பூப்போட்டவை, பத்து.
மாசி பத்தொன்பது காலை எட்டு மணிக்கு
அவை கொடியில் தொங்கியபோது
பக்கத்து வீட்டு அருளாயி தொட்டிருக்கிறாள்.
ஈரம்.
எதற்குத் தொட்டாய்?
சும்மாதான் சார், பிள்ளைக்கு மூக்குத் துடைக்க.

அதற்குப் பிறகு பஞ்சவர்ணத்தை யாரும் பார்க்கவில்லை.
அதற்கு முன்பும்,
முந்தின நாள் விளக்கு வைத்ததிலிருந்து,
புருஷனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

நம்புராஜன் சொன்னது:
விடியுமுன் கடலுக்குப் போனாள்,
ஆறரைக்குத் திரும்பினாள்,
துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு
ராமேஸ்வரம் பஸ் ஏறினாள்.
போலீஸ் சொன்னது:
அது முந்தின நாள் ஈரம்.
அவள் கடலுக்கும் போகவில்லை, பஸ்ஸும் ஏறவில்லை.

ஆக, ஒரு பொம்பளையின் உயிர்
நைட்டித் துணி ஒரு ராத்திரியில் காயுமா காயாதா
என்ற இடத்தில் வந்து நின்றது.
என்னைக் கூப்பிட்டார்கள்.

ராமநாதபுரம் கோர்ட்டில் அரசு வக்கீல்
"மாசிப் பனி மச்சையும் துளைக்கும்" என்றார்.
பழமொழியைக் கூண்டில் ஏற்ற முடியாது என்றார்
எதிர்த்தரப்பு வக்கீல்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நம்புராஜனும் கொஞ்சம் சிரித்தான்.

பதிவேட்டைத் திறந்து வாசித்தேன்.
ராத்திரி இரண்டரை மணி:
உலர்குமிழ் இருபத்துநான்கு புள்ளி இரண்டு,
ஈரக்குமிழ் இருபத்துநான்கு புள்ளி இரண்டு.
விடிகாலை ஐந்தரை:
இருபத்துமூன்று புள்ளி ஆறு, அதுவும் அதுவே.
கையெழுத்து உங்களுடையதா?
ஆமாம்.
வேறு கேள்வி இல்லை.

கிண்ணத்தில் தண்ணீர் இருந்ததா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

எட்டரை ஷிப்டுக்கு வந்த பத்மநாபன்
பெட்டியைத் திறந்து பார்த்தார்.
வற்றிய கிண்ணம். உப்புப் பூத்து
மொடமொடவென்றிருந்த திரி.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
செம்பிலிருந்து ஊற்றினார்.
காய்ந்த துணி சுற்றிய குமிழும்
வெறுங்குமிழும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.
அந்தப் பெட்டிக்குள்
வறட்சிக்கும் நூறு சதவீதம்தான்.

எப்போது வற்றியது?
இரண்டரைக்கு முன்பா, ஐந்தரைக்குப் பின்பா?
அன்று நிஜமாகவே பனி கொட்டியிருக்கலாம்.
வீட்டுக்குக் கிளம்பும்போது
சைக்கிள் சீட்டைத் துடைத்தேனா?
யோசித்து யோசித்து
அந்தச் சீட்டை இத்தனை வருஷத்தில்
எத்தனையோ தடவை துடைத்துவிட்டேன்.

உடல் கிடைக்கவில்லை.
பதினான்கு மாதம் கழித்து அவனை விட்டார்கள்.
இப்போது பாலத்தடியில் ஐஸ் உடைக்கிறான்.
என்னைக் கண்டால்
"சார், நாளைக்கு வாடையா கொண்டலா?" என்பான்.
ஒவ்வொரு தடவையும் சரியாகவே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற வருஷத்திலிருந்து
மாசி பிறந்தால் பத்து நாடா கிழிக்கிறேன்.
கடல்தண்ணீரில் முக்கி
கிணற்றில் இறைத்த உவர்தண்ணீரில் அலசி
சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடியில் போடுகிறேன்.
காலை எட்டுக்குத் தொடுகிறேன்.
உப்பேறிய துணி காய்ந்த பிறகும்
காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்.
இதைக் கோர்ட்டில் யாரும் யோசிக்கவில்லை,
நானும்தான்.
என் மனைவி அவளுடைய நைட்டிகளை
பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இன்று ஒன்பது நாடாக்கள் காய்ந்திருந்தன.
கம்பத்தை ஒட்டித் தொங்கிய
ஒன்று மட்டும் ஈரம்.

அருளாயி
எதைத் தொட்டாள்?